இமைக்குள் என்ன நிறம்

மேலகரம்
12.6.2024

செல்விக்கு ஆச்சி எழுதுவது.

இங்கே சாரல் இறங்கிவிட்டது. சாரலும் நானும் சுகம். நீயும் உன் வயிற்றில் இருப்பதும் சுகமா என்று எனக்குத் தெரிய வேண்டும்.

நீ உண்டாகியிருக்கும் சேதி எனக்கு மூன்றாவதாகத்தான் வந்தது. முதலில் உன் அம்மா காளீஸ்வரிக்கு, பிறகு அவள் பஜ்ஜிக் கடையில் மாவு கரைக்கிறவளுக்கு, அதற்கும் பிறகு எனக்கு. இருக்கட்டும், ஞாபகம் வைத்துக்கொள்கிறேன். ஐந்தருவியில் சீசன் கூட்டம். உன் அம்மா விடியுமுன் போனால் விளக்கு வைத்த பிறகுதான் வருகிறாள். ஊருக்கெல்லாம் பசியாற்றுகிறாள். உன்னிடம் போனில் சாப்பிட்டாயா என்று கேட்பாள், நீ சாப்பிட்டேன் என்பாய், அத்தோடு சரி. எனக்கு அந்தப் போன் ஆகாது. காதில் வைத்தால் அருவிக்குள் நின்று யாரோ பேசுவதுபோல் இரைச்சல். மூன்றாம் வகுப்பு வாத்தியார் பிரம்பால் போட்டுக் கற்றுக்கொடுத்த எழுத்துதான் காது போன காலத்தில் கைகொடுக்கிறது. அதற்காக அந்த அடியை நான் மன்னித்துவிடவில்லை.

பப்பாளி, அன்னாசி தொடாதே. ராத்திரி அரை வயிறு போதும். பிள்ளை பெருத்தால் பெறுகிறவளுக்குத்தான் பாடு. இது என் ஆத்தா எனக்குச் சொன்னது.

உன் மாமியார் ஆனந்தவள்ளியிடம் இதற்கெல்லாம் யோசனை கேட்காதே. சுரண்டை மண்டபத்தில் நீ மணவறையை விட்டு இறங்கி என் பக்கத்தில் உட்கார்ந்த நேரம், அவள் வந்து உன் கண்ணின் கீழ் இமையைக் கட்டைவிரலால் இழுத்துப் பார்த்தாள். சந்தையில் கன்றுக்குப் பல் பார்க்கிற மாதிரி. கத்தரிப்பூ நிறப் பட்டு, வாயில் வெற்றிலை. “பிள்ளைக்கு ரத்தமே இல்லையே ஆச்சி, என்ன போட்டு வளத்திய?” என்று நாலு பேர் கேட்கக் கேட்டாள். அப்போது எனக்குக் காது நன்றாகக் கேட்டது.

தென்காசி காசி விஸ்வநாதர் கோவில் திருநீறு ஒரு பொட்டலம் வைத்திருக்கிறேன். குளித்ததும் நெற்றியில் பூசி ஒரு துளி வாயில் போட்டுக்கொள். வாங்கி வரும்போது கோபுர வாசலில் காற்று என்னைக் குழந்தையைப் பிடித்து நிறுத்துகிற மாதிரி நிறுத்தியது. நல்லதுக்குத்தான்.

உடம்பைப் பேணிக்கொள்.
ஆச்சி பார்வதியம்மாள்


ஜபல்பூர்
6.7.2024

அன்புள்ள ஆச்சிக்குச் செல்வி.

நான் சுகம். ரொம்பத் தூங்குகிறேன், அதுவும் ஒரு சுகம்தான். உன் காலுக்கு வலி குறைந்ததா?

உன் பேத்தி மாப்பிள்ளை சுபாஷ் பட்டாளத்துப் பயிற்சிக்கு மலைப்பக்கம் போயிருக்கிறார். குவார்ட்டர்ஸில் நானும் மின்விசிறியும்தான். உட்கார்ந்தால் போதும், கனவு வந்துவிடுகிறது. முந்தாநாள் வெங்காயம் நறுக்க உட்கார்ந்தேன். ஐந்தருவியின் ஐந்து கிளையும் சமையலறைச் சுவரில் இறங்கின. சத்தமே இல்லை. நான் நடுக் கிளைக்குள் கையை நீட்டினேன், நனையவில்லை. கண் விழித்தால் வெங்காயம் அப்படியே இருக்கிறது, பொழுது சாய்ந்துவிட்டது.

சோறு கொதிக்கிற வாசனை வந்தால் குமட்டுகிறது. டீ இறங்குகிறது. ராத்திரி நீ சொன்னபடி அரை வயிறுதான்.

நீ அனுப்பிய திருநீறு தீர்ந்துவிட்டது. அந்தப் பொட்டலத்தைப் பிரித்ததும் நம் முற்றத்தில் முதல் தூறல் விழுந்த வாசனை வந்தது. இன்னும் அனுப்ப முடியுமா? கொஞ்சம் கூடவே அனுப்பு.

எல்லோரையும் கேட்டதாகச் சொல்.
செல்வி


மேலகரம்
19.7.2024

செல்விக்கு ஆச்சி. என் கால் வலி என்னை விடவில்லை, நானும் அதை விடவில்லை. நீ சுகமாக இருப்பாய் என்று நம்புகிறேன்.

உன் கடிதத்தைப் படித்து எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. அந்தப் பொட்டலம் பேறுகாலம்வரை வரும் என்று கணக்குப் போட்டிருந்தேன். அதற்குள் தீர்ந்தது என்றால் நீ மூன்று வேளையும் உடம்பெல்லாம் பூசித்தான் கும்பிடுகிறாய். பக்கத்து வீட்டு ரத்தினத்திடம் சொன்னேன். அவள், “பேத்தி சாமியாரம்மா ஆயிருவா போலுக்கே” என்று இளித்தாள். வெள்ளம் வந்த வருஷம் என் அம்மியை வாங்கிப்போய்க் குழவி இல்லாமல் திருப்பிக் கொடுத்தவள் அவள். அவளுக்கு எங்கே பக்தி விளங்கும்.

இப்போது இரண்டு பொட்டலம் வைத்திருக்கிறேன். கோவில் பக்கம் போக முடியாத மழை. தாணு கடையில் வாங்கியது.

சோறு இறங்காதது மசக்கை. தானாகப் போகும். தூக்கம் வந்தால் தூங்கு. இங்கேயும் இந்தச் சாரலில் ஊரே தூங்கிக்கொண்டுதான் நடக்கிறது. காலையில் கதவைத் திறந்தால் மலை இல்லை. மேகம் வந்து உட்கார்ந்து மலையை மூடிவிடுகிறது. மத்தியானம் மேகம் எழுந்து போகும், மலை குளித்துவிட்டு வந்ததுபோல் நிற்கும். உன் வயிற்றில் இருப்பதும் அப்படி ஒருநாள் எழுந்து நிற்கும்.

உன் மாமியார் வீட்டில் சாமி அலமாரி எந்தப் பக்கம் என்று கேட்டால் யாருக்கும் தெரியாது. நீயாவது விளக்கேற்று.

ஆச்சி


ஜபல்பூர்
27.8.2024

அன்புள்ள ஆச்சிக்கு,

நான் நன்றாக இருக்கிறேன். கடிதம் எழுதப் பிந்திவிட்டது, கோபித்துக்கொள்ளாதே. பேனா பிடித்தால் கை எங்கோ மிதந்து போகிறது.

எங்கள் வீடு மாடியில்தானே. இப்போது படியேறுவது செண்பகாதேவி அருவிக்கு ஏறுகிற மாதிரி இருக்கிறது. பாதியில் உட்கார்ந்துகொள்கிறேன். உட்கார்ந்தால் சுவரெல்லாம் பச்சையாகிவிடும், கீழே தண்ணீர் ஓடும், நீ ஈரச் சேலையோடு முன்னால் போய்க்கொண்டிருப்பாய். கூப்பிட்டால் உனக்குக் காது கேட்காது. அப்படியே இருந்துவிடலாம் என்று தோன்றும். என் நகமெல்லாம் வெளுத்து, சின்னச் சின்ன நிலா மாதிரி இருக்கிறது. அழகாகத்தான் இருக்கிறது.

உன் கொள்ளுப்பேரனோ கொள்ளுப்பேத்தியோ என்னைப்போலத் தூங்குமூஞ்சி. இன்னும் அசைவு தெரியவில்லை. பக்கத்து வீட்டு அக்காவுக்கு இந்தக் காலத்தில் தெரிந்ததாம். ஆஸ்பத்திரி டாக்டரம்மா ஏதோ சொன்னார். மாத்திரை கொடுத்திருக்கிறார்.

ஆச்சி, இந்த முறை வந்த திருநீறு வேறு. வழவழவென்று மாவு மாதிரி இருக்கிறது, வாசனையும் இல்லை. முதலில் அனுப்பினாயே, கரகரவென்று, அதுதான் வேண்டும். மறக்காமல் அனுப்பு. சீக்கிரம்.

செல்வி


மேலகரம்
8.9.2024

செல்விக்கு ஆச்சி எழுதுவது. நான் இருக்கிறேன். நீ எப்படி இருக்கிறாய் என்பதை உன் கடிதத்தில் தேடித் தேடிப் பார்க்கிறேன்.

உனக்காக இலஞ்சி தங்கசாமியிடம் போனேன். அவன் சாணத்தைத் தட்டி எருவாட்டியாக அடுக்கித் தானே சுட்டுத் திருநீறு எடுக்கிறவன். கலப்படம் கிடையாது. சலிக்காமல் கரகரப்பாகவே கொடு என்றேன். “நெத்திக்குக் கரகரப்பு எதுக்கு ஆச்சி? அரிக்கும்லா?” என்று கேட்டான். பக்தி உள்ளவளுக்குத் தெரியும், நீ போடு என்று அவன் வாயை அடைத்தேன். துணிப்பை நிறைய அனுப்பியிருக்கிறேன்.

டாக்டரம்மா ஏதோ சொன்னார் என்று எழுதியிருக்கிறாய். ஏதோ என்றால் என்ன? நீ சின்ன வயதிலிருந்தே பாதியைச் சொல்லிப் பாதியை முழுங்குவாய். முழுங்கியதை எழுது.

ஆச்சி


ஜபல்பூர்
3.10.2024

ஆச்சி அவர்களுக்குச் சுரண்டை ஆனந்தவள்ளி வணக்கம் சொல்லி எழுதுவது.

நான் இப்போது செல்வியிடம் வந்திருக்கிறேன். எல்லோரும் சுகம் என்று ஆரம்பிக்கத்தான் நினைத்தேன், முடியவில்லை. தண்ணீர் பிடிக்கப் போன இடத்தில் செல்வி மயங்கி விழுந்துவிட்டாள். பக்கத்து வீட்டார் சுபாஷுக்குச் சொல்லி, அவன் எனக்குச் சொல்லி, ரயிலேறி வந்தேன். அடி ஒன்றும் இல்லை. பயப்பட வேண்டியது அடிக்கு அல்ல.

வந்த மறுநாள் மத்தியானம், சாமி அலமாரி முன்னால் உட்கார்ந்திருந்தாள். கும்பிடுகிறாள் என்று நான் சத்தம் காட்டாமல் நின்றேன். மடியில் நீங்கள் அனுப்பிய துணிப்பை. உள்ளங்கை நிறையத் திருநீறு எடுத்து, பொரிகடலை தின்பதுபோல் வாயில் போட்டு மென்றாள். பிறகு இன்னொரு கை. உதடெல்லாம் வெள்ளை. கண் திறந்துதான் இருந்தது, ஆனால் என்னைப் பார்க்கவில்லை.

“ஏட்டி, என்ன பண்ணுத?” என்றேன்.

“தெரியல அத்தை. இது இருந்தாத்தான் வாய் அடங்குது” என்றாள்.

நீங்கள் அனுப்பிய எல்லாப் பொட்டலமும் நெற்றிக்குப் போகவில்லை ஆச்சி. வயிற்றுக்குத்தான் போயிருக்கிறது.

டாக்டரம்மாவிடம் கூட்டிப்போனேன். ரத்தம் ஏழுதான் இருக்கிறது, குறைந்தது பதினொன்று வேண்டும் என்றார். ரத்தத்தில் இரும்புச் சத்து வற்றிப்போனால் சிலருக்கு இப்படிச் சாம்பல், மண், பச்சரிசி என்று ஆசை வருமாம். அதைத் தின்னத் தின்னச் சோற்றுப் பசி செத்துப்போகுமாம். ஓயாத தூக்கமும் மயக்கமும் அதனால்தானாம். கல்யாணத்துக்கு முன்பே குறைவாக இருந்திருக்கும், பிள்ளை உண்டானதும் இருந்ததும் இறங்கிவிட்டது என்றார். பிள்ளையின் மூளை வளர்கிற காலம் இது, தாயிடம் இல்லாததை அது எங்கே போய் எடுக்கும் என்று கேட்டார்.

கொடுத்த மாத்திரை அட்டைகள் மெத்தைக்கு அடியில் கிடக்கின்றன. குமட்டுகிறது, வெளிக்கிருந்தால் கறுப்பாகப் போகிறது என்று பயந்து நிறுத்தியிருக்கிறாள். போட்ட நாலைந்தையும் டீயோடு போட்டிருக்கிறாள், அதில் பிரயோஜனம் இல்லையாம். ராத்திரி ஏன் அரை வயிறு என்று கேட்டால், ஆச்சி சொன்னா என்கிறாள்.

பையை எடுத்து நான் ஒளித்துவிட்டேன். அதிலிருந்து என்னிடம் பேசுவதில்லை. இனி அனுப்பாதீர்கள். நான் சொன்னால் மாமியார் பேச்சு. நீங்கள் சொன்னால் கேட்பாள்.

மண்டபத்தில் இமையை இழுத்துப் பார்த்தேன் என்று நீங்கள் கறுவிக்கொண்டிருப்பது எனக்குத் தெரியும். சுபாஷ் என் வயிற்றில் இருந்தபோது என் இமையை யாரும் இழுத்துப் பார்க்கவில்லை. அவனைப் பெற்ற அன்று என்னைப் பிணமாகத்தான் தூக்கப் போகிறோம் என்று நினைத்தார்களாம். அதனால் எந்தப் பெண்ணைக் கண்டாலும் என் கை தானாகப் போகிறது. நாலு பேர் முன்னால் கேட்டது தப்புதான்.

ஆனந்தவள்ளி


மேலகரம்
11.10.2024

சம்பந்தி ஆனந்தவள்ளிக்குப் பார்வதியம்மாள் எழுதுவது. என் சுகத்தை விடுங்கள்.

உங்கள் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். முதல் தடவை உங்களைத் திட்டினேன். இரண்டாம் தடவை திட்ட ஆள் கிடைக்கவில்லை.

என் அக்காள் ஒருத்தி தலைப்பிள்ளை உண்டானபோது கொல்லைச் சுவரின் செங்கலைச் சுரண்டித் தின்பாள். ஆம்பளைப் பிள்ளைக்குத்தான் இப்படி ஆசை வரும் என்று பெண்களெல்லாம் கூடிச் சிரித்தார்கள். வீட்டில் எல்லோரும் தின்று மிஞ்சியதுதான் அவளுக்குச் சோறு. சுவரில் குழி விழுந்தது, கைவிட்டால் எனக்கு முழங்கைவரை போகும். பிறந்த பையன் நோஞ்சான். பிந்தி நடந்தான், பிந்திப் பேசினான், பள்ளிக்கூடத்தில் ஒன்றும் ஏறவில்லை. சாமி குற்றம் என்று கிடா வெட்டினார்கள். அந்தக் குழியை ஒருத்தரும் திரும்பிப் பார்க்கவில்லை. நானும் இத்தனை வருஷமாக அதைக் குழி என்றுதான் ஞாபகம் வைத்திருந்தேன். பசி என்று நினைக்கவில்லை.

நீங்கள் எழுதிய நம்பர் எனக்கு விளங்காது. ஒன்று செய்யுங்கள். அவள் இமையை இழுத்துப் பாருங்கள். கன்றுக்குப் பார்க்கிற மாதிரியே பாருங்கள், பரவாயில்லை. உள்ளே என்ன நிறம் என்று ஒரு கார்டில் எழுதிப் போடுங்கள். எனக்குத் தெரிந்த பொருளின் நிறமாக எழுதுங்கள். என் மனசுக்காகப் பொய் நிறம் எழுதக் கூடாது.

மண்டபத்தில் பேசியதை நான் மறக்கவில்லை. நீங்கள் தப்பு என்று எழுதியதையும் மறக்க மாட்டேன். இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கட்டும்.

பார்வதியம்மாள்


மேலகரம்
11.10.2024

செல்விக்கு ஆச்சி.

நீ சுகமில்லை என்று தெரிந்தே எழுதுகிறேன், அதனால் அதைக் கேட்கவில்லை.

ராத்திரி அரை வயிறு என்று நான் எழுதியதை அடித்துவிடு. வழக்கமாகத் தின்பதற்கு மேல் இன்னும் ஒரு வேளை தின்ன வேண்டுமாம், உன் அம்மா இங்கே ஆஸ்பத்திரி நர்ஸிடம் கேட்டு வந்தாள். கேட்டுவிட்டு வந்து அடுப்படியில் உட்கார்ந்து அழுதாள். பிள்ளை பெருத்துவிடும் என்று என் ஆத்தா சொன்னது தப்பு. ஆத்தாவிடம் நான் மேலே போய்ப் பேசிக்கொள்கிறேன்.

கருப்பட்டி போட்ட எள்ளுருண்டையும் முருங்கைக்கீரைப் பொடியும் அனுப்பியிருக்கிறேன். இவை மாத்திரைக்குப் பதில் இல்லை, மாத்திரையோடு. மாத்திரையை எலுமிச்சைச் சாறோடு போடு, டீயை அதன் பக்கத்தில் சேர்க்காதே. கறுப்பாகப் போனால் போகட்டும்.

உன்னை நான் திட்டவில்லை. ஏன் தின்றாய் என்றும் கேட்கவில்லை. ஒன்று மட்டும் கேட்கிறேன். அது வாயில் என்ன செய்கிறது? அதை ஒளிக்காமல் எழுது.

ரத்தினத்திடம் இனி நான் என்ன சொல்வது என்பது என் பாடு.

ஆச்சி


அஞ்சலட்டை, ஜபல்பூர்
21.10.2024

ஆச்சி அவர்களுக்கு. வடித்த கஞ்சியின் நிறம். உங்கள் கடிதத்தைப் படித்தாள், மடித்து வைத்தாள். எள்ளுருண்டை ஒன்று தின்றாள், வாந்தி எடுத்தாள். நேற்றுப் பூந்தொட்டியில் கை வைத்தாள், நான் தொட்டியையும் எடுத்து வெளியே வைத்துவிட்டேன். ஆனந்தவள்ளி.


அஞ்சலட்டை, ஜபல்பூர்
5.11.2024

ஆச்சி அவர்களுக்கு. அதே கஞ்சி. சுவரைப் பார்த்தே படுத்திருக்கிறாள். குழந்தை அசைவது குறைவாக இருக்கிறது, வளர்ச்சியும் கொஞ்சம் பின்தங்கியிருக்கிறது என்கிறார்கள். நாளைக்கு ஆஸ்பத்திரியில் சேர்க்கிறோம். சுபாஷ் லீவு போட்டு வந்துவிட்டான். பொய் நிறம் எழுதக் கூடாது என்றீர்கள், எழுதவில்லை. ஆனந்தவள்ளி.


மேலகரம்
14.11.2024

செல்விக்கு ஆச்சி. இந்தக் கடிதம் உன்னைக் கட்டிலில்தான் வந்து பார்க்கும் என்று தெரியும்.

உன் பதில் வரவில்லை. தபால்காரர் தெருமுனையில் திரும்பும்போதே கையை விரித்துக் காட்டிவிடுகிறார். உன் மாமியாரின் கார்டு மட்டும் வருகிறது. கஞ்சி என்று எழுதியிருந்ததைப் படித்த அன்று எனக்குக் கஞ்சி இறங்கவில்லை.

நேற்று மத்தியானம் ஊரே மழைக்குள் இருந்தது. அருவிகளில் வெள்ளம், குளிக்க விடவில்லை. உன் அம்மா கடையை அடைத்துவிட்டு வந்து படுத்திருந்தாள். தங்கசாமி கொடுத்ததில் மாடத்தில் கொஞ்சம் மிச்சம் இருந்தது. நீ எழுத மாட்டேன் என்கிறாய், சரி, நானே பார்த்துக்கொள்கிறேன் என்று உள்ளங்கை நிறைய எடுத்தேன். வாயில் போட்டேன்.

முதலில் ஒன்றுமில்லை. பிறகு நாக்கில் இருந்த ஈரமெல்லாம் போய்விட்டது. வெயிலில் காய்ந்த பாறையில் முதல் சாரல் விழுந்து, விழுந்த இடமே தெரியாமல் மறையுமே, அந்த மாதிரி. அப்புறம் ஒரு குளுமை. பல்லுக்கிடையில் கரகரவென்று. மழையின் சத்தம் எனக்குக் கேட்டது செல்வி. காதில் இல்லை, தாடைக்குள்ளே. கண்ணை மூடினேன். மலை இல்லை, வீடு இல்லை, நானும் இல்லை. எல்லாம் வெள்ளையாக, மேகம் வந்து உட்கார்ந்த மாதிரி.

கொஞ்ச நேரம் எனக்கு யார்மேலும் கோபம் இல்லை. வாத்தியார்மேல் இல்லை, ரத்தினத்தின்மேல் இல்லை, உன் மாமியார்மேல்கூட இல்லை. யார் என்ன செய்தார்கள் என்பதே மறந்து போனது.

அப்போதுதான் பயந்தேன். எழுந்து ஓடிப்போய்த் துப்பினேன், மழைத் தண்ணீரிலேயே கொப்பளித்தேன். நான் எதையும் மறக்கிறவள் இல்லை. எனக்கே இவ்வளவு சுகமாக இருந்தால், தனியாகக் கிடந்த பிள்ளை எப்படி விடுவாள் என்று விளங்கியது.

அந்தச் சுகத்தில் படுத்துவிடாதே. யார்மேலாவது கோபப்படு. துணிப்பை நிறைய அனுப்பியவள் நான். பக்தி என்று ஊரெல்லாம் சொல்லி உன் வாயை அடைத்தவளும் நான்தான். என்மேல் கோபப்படு. கோபம் வந்தால் உடம்பு எழுந்து உட்காரும், உட்கார்ந்தால் ஏதாவது கேட்கும்.

ஆச்சி


அஞ்சலட்டை, ஜபல்பூர்
26.11.2024

ஆச்சி அவர்களுக்கு. பூண்டுத் தோலின் நிறம். வெள்ளைதான், ஆனால் ஓரத்தில் ஒரு சாயல் இருக்கிறது, நான் ஜன்னல் பக்கம் திருப்பிப் பார்த்துவிட்டுத்தான் எழுதுகிறேன். ஊசி வழியாக இரும்புச் சத்து ஏற்றினார்கள். உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டு, “ஆச்சிக்கி என்ன கிறுக்கா பிடிச்சிருக்கு? இந்த வயசுல சாம்பலைத் திங்கா” என்று கத்தினாள். நர்ஸ் வந்து எட்டிப் பார்த்தார். நான் வந்த நாளிலிருந்து அவள் சத்தமாகப் பேசியது இதுதான். பேசிவிட்டு முட்டை கேட்டாள். ஆனந்தவள்ளி.


ஜபல்பூர்
8.12.2024

அன்புள்ள ஆச்சிக்குச் செல்வி.

வீட்டுக்கு வந்துவிட்டேன். உன் வயிற்றுக்கு ஒன்றும் ஆகவில்லையே? இனி அப்படிச் செய்யாதே. சத்தியமாகக் கோபமாகத்தான் இருக்கிறேன்.

ஏன் தின்றாய் என்று எல்லோரும் கேட்டார்கள். என்ன செய்கிறது என்று நீ மட்டும்தான் கேட்டாய். எழுத வெட்கமாக இருந்தது. நீ ஒரு துளி போட்டுக்கொள் என்றாய், ஒரு துளியில்தான் தொடங்கியது. மறுநாள் ஒரு விரல், அப்புறம் கை. நீ பக்தி என்று எழுதியதைப் படித்தபோது சொல்லிவிடலாமா என்று நினைத்தேன். அப்புறம் அது வசதியாகவும் இருந்தது, சொன்னால் நீ அனுப்ப மாட்டாயே. நீ எழுதியது சரிதான். எல்லாம் வெள்ளையாகிவிடும். அந்த வெள்ளையில் எனக்குப் பயம் இல்லை, தனிமை இல்லை. வயிற்றில் ஒன்று இருக்கிறது என்பதும் மறந்துவிடும். அதைத்தான் என்னால் சொல்ல முடியவில்லை.

இப்போது ஆசை முழுசாகப் போகவில்லை. மழை பெய்தால் வருகிறது. அத்தை பக்கத்தில் உட்கார்ந்துகொள்கிறார், வாயில் நெல்லிக்காயைத் திணிக்கிறார். மாத்திரையை அவர் கண் முன்னால்தான் போட வேண்டும், போட்டதும் நாக்கை நீட்டிக் காட்ட வேண்டும். போலீஸ் வேலைக்குப் போயிருக்க வேண்டியவர்.

நேற்றுக் காலையில் கீரையும் முட்டையும் தின்றுவிட்டுப் படுத்தேன். விலாப்பக்கம் ஒரு இடி. நான் கனவு என்று நினைத்தேன். மறுபடியும் இடி. அத்தை கையை எடுத்து அங்கே வைத்தேன். மூன்றாவது இடி வரும்வரை அவர் கையை எடுக்கவில்லை. பிறகு வழக்கம்போல என் இமையை இழுத்துப் பார்த்தார். “உள்ளித் தோலு. ஆச்சிக்கி எழுது” என்றார். சின்ன வெங்காயத்தின் தோல், ஆச்சி. இளஞ்சிவப்பு.

பேறுகாலத்துக்குத் தென்காசிக்கே வருகிறோம், அத்தையும் கூட வருகிறார். நீ அவரோடு சண்டை போடக் கூடாது என்று நான் சொல்லவில்லை. சாப்பிட்டுவிட்டுப் போடுங்கள்.

செல்வி


மேலகரம்
16.4.2025

செல்விக்கு ஆச்சி எழுதுவது. நீயும் பிள்ளையும் ஜபல்பூர் போய்ச் சேர்ந்தது உன் அம்மா மூலம் தெரிந்தது. நான் கேட்காமலே முதலில் எனக்குத்தான் சொன்னாள்.

வீடு சும்மா கிடக்கிறது. பிள்ளை பிறந்த அன்று தென்காசி ஆஸ்பத்திரியில் நான் சீனித்தண்ணி தொட்டு வைக்கப் போனதற்கு, உன் மாமியார் என் கையைப் பிடித்து நிறுத்தினாளே, அது எனக்கு இன்னும் ஆறவில்லை. முதல் பால்தான் முதலில் போக வேண்டும் என்று நர்ஸ் சொன்னால் நர்ஸ் என்னிடம் சொல்லட்டும். இவள் எதற்குப் பிடிக்கிறாள்? மணிக்கட்டில் பிடித்தாள், அதுவும் இடது கையால். சரி, மஞ்சள் கஞ்சி மாதிரி வந்த அந்தப் பாலை என் காலத்தில் பீய்ச்சிக் கொட்டுவோம். பிள்ளை அதைத்தான் முட்டி முட்டிக் குடித்தாள். இரண்டே முக்கால் கிலோ என்றார்கள். அதற்கு நர்ஸ் சிரித்தார், நானும் சிரித்தேன், உன் மாமியாரைப் பார்த்துச் சிரிக்கவில்லை.

மாத்திரையை நிறுத்திவிடாதே. பால் கொடுக்கிற காலத்திலும் வேண்டுமாம். பிள்ளையிடம் பேசு. தலை நிற்கிறதா, முகம் பார்க்கிறாளா, எதைப் பார்த்துச் சிரிக்கிறாள் என்று எழுது. கனவு ஏதும் வந்தால் அதையும் எழுது, பாதியை முழுங்காதே.

ஆச்சி


ஜபல்பூர்
2.5.2025

அன்புள்ள ஆச்சிக்கு,

நாங்கள் மூன்று பேரும் சுகம், அத்தையைச் சேர்த்தால் நான்கு. உனக்கு எழுதிக்கொண்டிருக்கிறேன் என்றதும் அத்தை, அந்த மணிக்கட்டு விஷயத்துக்கு மன்னிப்பு கேட்க முடியாது, வேறு எதற்கு வேண்டுமானாலும் கேட்கிறேன் என்று எழுதச் சொன்னார்.

தலை நின்றுவிட்டது. குப்புறப் போட்டால் ஆமை மாதிரித் தூக்கிப் பார்க்கிறாள். நான் அறையில் எந்தப் பக்கம் போனாலும் கண் பின்னாலேயே வருகிறது. நான் ங்கா என்றால் அவளும் ங்கா என்கிறாள். நான் நிறுத்தினால் என் வாயையே பார்த்துக்கொண்டு காத்திருக்கிறாள், அடுத்தது நீதான் சொல்ல வேண்டும் என்பதுபோல. டாக்டரம்மா தலை அளந்து, எடை போட்டு, எல்லாம் காலத்துக்குச் சரியாக இருக்கிறது என்றார். அத்தை அதை இரண்டு தடவை சொல்லச் சொல்லிக் கேட்டார். என் ரத்தமும் பதினொன்றைத் தாண்டிவிட்டது.

கனவு வந்தால் எழுது என்றாய். நானும் தேடித்தான் பார்த்தேன். ஐந்தருவியும் வரவில்லை, ஈரச் சேலையோடு நீயும் வரவில்லை. படுத்தால் கல்லைப் போட்ட மாதிரித் தூக்கம். விழித்தால் பசி. இவள் குடிக்கக் குடிக்க எனக்கு ஊரையே தின்னலாம் போல் இருக்கிறது. காலையில் ஐந்து தோசை தின்றேன், இப்போது மறுபடியும் பசிக்கிறது. முன்னே எல்லாம் கடிதம் எழுத உட்கார்ந்தால் கை மிதந்து போகும். இப்போது உட்காரவே முடியவில்லை.

இவள் சிணுங்குகிறாள். அத்தை வேறு அடுப்படியிலிருந்து, “ஏட்டி, எழுதுனது போதும், குழம்பு ஆறுது” என்று சத்தம் போடுகிறார். பசிக்கிறது ஆச்சி, போகிறேன்.

செல்வி